நிலைமாறுகால நீதியில் குடிமக்களின் பங்கு: அர்ஜென்டினாவின் மே சதுக்கப் பாட்டிமார்

முன்னுரை

கொடுங்கோன்மையிலிருந்து மக்களாட்சிக்குத் திரும்பும் நாடு தன் கடந்தகாலக் குற்றங்களை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே நிலைமாறுகால நீதியின் அடிப்படை வினா. ஆணைக்குழுக்களையும் நீதிமன்றங்களையும் முன்னிறுத்தும் ஆய்வுகளில் குடிமக்கள் பெரும்பாலும் சாட்சிகளாகவே இடம்பெறுகின்றனர். அர்ஜென்டினாவிலோ, அரசு மூடிய வழக்குகளைத் திறப்பதற்கான வழியையே குடிமக்கள் பேணிக் காத்தனர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேடலின் தொடக்கம்

1976 மார்ச் 24 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் 1983 வரை ஆண்டது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். 1977 ஏப்ரல் 30 அன்று அன்னையர் சிலர் புவெனஸ் அயர்சின் மே சதுக்கத்தில் கூடித் தம் மக்கள் எங்கே என வினவினர். தடுப்பு முகாம்களில் பிறந்த குழந்தைகள் பிற குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தனர். அவர்களைத் தேடுவதற்காக அதே ஆண்டில் பாட்டிமார் அமைப்பு தோன்றியது.

சான்றும் அறிவியலும்

பெற்றோர் இல்லாத நிலையில் குழந்தையின் உறவை எவ்வாறு மெய்ப்பிப்பது? இவ்வினாவோடு பாட்டிமார் வெளிநாட்டு அறிவியலாளர்களை நாடினர். மேரி-கிளேர் கிங் முதலிய மரபியலாளர்களின் துணையால், பாட்டன் பாட்டியரின் குருதியைக் கொண்டு உறவை உறுதிசெய்யும் முறை உருவாயிற்று. 1987-இல் தேசிய மரபணுத் தரவு வங்கிக்கான சட்டம் இயற்றப்பட்டது. இதுவரை 130-க்கும் மேற்பட்டோரின் உண்மை அடையாளம் கண்டறியப்பட்டுள்ளது.

சட்டம் விட்டுவைத்த வாயில்

1985-இல் இராணுவ ஆட்சிக்குழுத் தலைவர்கள் ஐவர் தண்டிக்கப்பட்டனர். ஆயின் 1986, 1987 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மேலும் வழக்குகள் தொடர்வதைத் தடுத்தன. பின்னர் ஆட்சிக்குழுத் தலைவர்களுக்குப் பொதுமன்னிப்பும் வழங்கப்பட்டது. எனினும் குழந்தைக் கடத்தலுக்கு அச்சட்டங்கள் விலக்களிக்கவில்லை. பாட்டிமார் திரட்டிய சான்றுகள் இங்குப் பயன்பட்டன. மன்னிப்புப் பெற்றிருந்த விடேலா 1998-இல் இக்குற்றத்திற்காகவே மீண்டும் கைதானார். 2001-இல் ஒரு குழந்தைக் கடத்தல் வழக்கிலேயே அத்தடைச் சட்டங்கள் செல்லாதவை என நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார்; 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2012-இல் விடேலாவுக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

முரண்

வளர்ந்துவிட்ட குழந்தைகளுள் சிலர் குருதி தர மறுத்தனர். தேடுவோரின் உண்மை அறியும் உரிமையும் தேடப்படுவோரின் தன்னுரிமையும் இங்கு மோதின. நீதிமன்ற ஆணையின்பேரில் மரபணு மாதிரி பெறுவதற்கு 2009 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஆயினும் அறம்சார் வினா எஞ்சியே நிற்கிறது.

முடிவுரை

பாட்டிமார் சான்றை உருவாக்கினர். அதனைப் பாதுகாக்கும் பொறுப்பை அரசு ஏற்கச் செய்தனர். சட்டம் விட்டுவைத்த சிறு வாயிலை அடைபடாமல் காத்தனர். குடிமக்களைச் சாட்சிகளாக மட்டும் காணும் பார்வை இம்மூன்றையும் தவறவிடும். அவர்தம் செயல் பிறர் உரிமையைத் தொடும் எல்லையையும் ஆய்வுலகம் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.