பாட்டனார் விட்டுச் சென்ற கடைசல் இயந்திரம்



நாகபுரியில் நம் பாட்டனார் வாழ்ந்த வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியபோது, பாத்திரங்களையும் பெட்டிகளையும் பங்கிட்டுக்கொள்வதில் யாதொரு சிக்கலும் எழவில்லை. பின்கட்டில் இருந்த ஒரே ஒரு பொருள்தான் குடும்பத்தாரை இரு பிரிவாக்கிற்று. அது மரம் கடையும் இயந்திரம். அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சென்ற பாட்டனார், காலால் மிதித்து இயக்கும் அந்த இயந்திரத்தில் கட்டிற்கால்களும் தொட்டிற்கம்புகளும் பூரிக்கட்டைகளும் கடைந்தே ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை சொன்னார். கொடுத்துவிடலாம் என்றார் சிற்றப்பா. துடைத்து வர்ணம் பூசிக் கூடத்தில் அழகுக்கு வைக்கலாம் என்றார் தமக்கையார். முடிவு சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு எப்பொருளையும் அதன் சொல்லிலிருந்து அணுகுவது பழக்கம். தமிழில் தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே வினைச்சொல். மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பது போலவே, பழங்காலக் கடைசற்காரரும் கயிற்றைச் சுற்றி இழுத்தே மரத்தைச் சுழற்றினர். மரம் ஒரு திசையில் சுழலும்போதுதான் உளி வெட்டும். எதிர்த்திசையில் திரும்பும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். உழைப்பில் ஒரு பாதி இவ்வாறு வீணாயிற்று. மிதிப்பலகையும் கனத்த சக்கரமும் வந்தபின் மரம் ஒரே திசையில் இடையறாது சுழலலாயிற்று. நம் பாட்டனாரின் இயந்திரம் இந்த இரண்டாம் படியைச் சேர்ந்தது.

மூன்றாம் படியில், உளியானது மனிதன் கையை விட்டு இயந்திரத்தின் பிடிக்கே சென்றுவிட்டது. அதற்குப் புகழ்பெற்ற சான்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளம். பாய்மரக் கப்பலில் கயிறு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அக்கயிறு ஓடும் கப்பி. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 1,000 மரக்கப்பிகள் வேண்டும். கடற்படை முழுமைக்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் வரை தேவைப்பட்டன. அதில் பெரும்பகுதி கைவேலையாகவே நடந்து வந்தது.

அத்தளத்தின் பணிகளைச் சீரமைத்து வந்த சாமுவேல் பெந்தாம், பிரான்சு நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய மார்க் புரூனெல் வகுத்த திட்டத்தை ஏற்றார். இயந்திரங்களைச் செய்து தந்தவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் தேர்ந்த கம்மியர். 1802ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குள் சுமார் 45 இயந்திரங்கள் அங்கே நிறுவப்பட்டன. ஒன்று அறுக்கும், மற்றொன்று துளையிடும், வேறொன்று வடிவம் திருத்தும், இன்னொன்று கயிறு பதியும் பள்ளத்தை வெட்டும். 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் உருவாயின. முன்பு 110 தொழிலாளர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். ஓராண்டில் மிச்சமான தொகையை அளவாகக் கொண்டு புரூனெலுக்கு 17,000 பவுனுக்கு மேல் வழங்கப்பட்டது. கைத்திறன் விலை போகாமற்போன அந்த மற்றைய நூறு பேரின் கதையை நாம் இக்கணக்கில் காண்பதில்லை.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன, பாய்கள் மறைந்தன, கப்பியின் தேவையும் சுருங்கிற்று. ஆயினும் அவ்வியந்திரங்களுட் சில, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியையும் தாண்டி உழைத்தன. பயன் குறைந்த காலத்தில் அவற்றைப் பெற்ற தலைமுறையினர் உருக்கிவிடவில்லை. சில இயந்திரங்கள் இலண்டன் அறிவியற் காட்சிசாலையை அடைந்தன. ஆலைக் கட்டடம் சட்டப்படி காக்கப்படுகிறது. இது போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவை ஒன்றன் வேலையை மற்றொன்று தொடரும்படி அணிவகுத்து நின்றவை. அணியிலிருந்து பிரிந்து காட்சிசாலையில் தனித்து நிற்கும் இயந்திரம் தன் உருவத்தைக் காட்டும். தன் தொழிலைக் காட்டாது. உருவமாவது அங்கே எஞ்சியது. எடைக்குப் போயிருப்பின் அதுவும் எஞ்சியிராது.

இவ்வரலாற்றை நாம் சிற்றப்பாவிடம் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ அதன் அழகைப் பார்க்கிறாய். அதை மிதிப்பதற்காகத்தான் ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அண்ணன், அதாவது உன் தகப்பனார், கல்லூரிக்குப் போனார்” என்றார். நம் பட்டமும் உத்தியோகமும் யாருடைய கால்வலியின் மீது எழுந்தவை என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று. போர்ட்ஸ்மத்துக் கணக்கில் விடுபட்டவர்களைப் பற்றி வருந்திய நாம், நம் வீட்டுக் கணக்கில் விடுபட்டவரைக் கண்டோமில்லை.

ஆகவே, முடிவு சொல்லும் உரிமை அவருக்கே உரியது என்று கூறி விலகிக்கொண்டோம். இரண்டு நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், எண்ணெய்க் கிண்ணத்துடன் இயந்திரத்தின் அருகே அமர்ந்திருந்தார். சில தெருக்கள் தள்ளி ஓர் இளைஞர் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். இயந்திரத்தை அவருக்கு விலையின்றிக் கொடுக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை: அதை நிறுத்தி வைக்காமல் வேலை வாங்க வேண்டும், வேண்டுமானால் மிதிப்பலகையை எடுத்துவிட்டு மின்விசை பொருத்திக்கொள்ளலாம். “இனி எந்தப் பிள்ளையும் அதை மிதிக்க வேண்டாம்” என்றார்.

பழமையைக் காப்பது என்றால் இருந்தது இருந்தபடியே வைப்பது என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைச் சிற்றப்பா திருத்தினார். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் பலர் வீட்டில் இத்தகைய பொருள் ஒன்றேனும் இருக்கும். தறியாகவோ, தையல் இயந்திரமாகவோ, பட்டறைக் கருவியாகவோ இருக்கலாம். அதன் விலையைக் கேட்குமுன், அதனோடு உழைத்தவர் உயிரோடிருந்தால் அவரைக் கேளுங்கள்.

சென்ற மாதம் அவ்விளைஞர் அனுப்பிய சிறு பொட்டலம் தில்லிக்கு வந்தது. அதில் ஒரு பம்பரம் இருந்தது. பாட்டனார் செய்வது போலவே அதன் இடையில் இரண்டு வளையங்கள் கடைந்திருந்தன. அவரை நேரில் கண்டிராத அவ்விளைஞருக்கு அதைக் கற்றுத் தந்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டியிருக்கவில்லை.