இரண்டாம் தழும்பு



2022 ஜனவரியில் ஓமிக்ரான் அலை தஞ்சைத் தரணியெங்கும் பரவியிருந்த நாட்களில், நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். முந்தைய ஆண்டு மே மாதத்தில் கொரோனா கண்டு பிழைத்தவர்; பின்னர் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர். இப்போது மறுபடியும் தொற்று. காய்ச்சல் அதிகமில்லை, மூச்சுத் திணறலும் இல்லை. ஆயினும் அவர் குரல் தழுதழுத்தது. "ஐயா, சபையில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம். என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அவர் குணமடைந்து ஆலயத்துக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமையில், கொள்ளைநோயினின்று காக்கப்படுதலைக் கூறும் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தவன் நானே. ஒருமுறை தப்புவிக்கப்பட்டவரை அந்த நோய் இனித் தொடாது என்று பொருள்படும்படியே பேசினேன். என் சொல்லே இப்போது அவருக்குச் சுமையாயிற்று. அடுத்த வாரத்தில் எனக்கும் தொற்று உறுதியானது. எனக்கும் அது இரண்டாம் முறை.

தனித்திருந்த ஏழு நாட்களில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பாதுகாப்புப் பெற்றவர் மறுபடியும் நோய்ப்படுவது நம் காலத்தில்தான் நேர்ந்ததா? நம் முன்னோர் இதைக் கண்டதில்லையா? சரித்திரத்தைப் புரட்டியபோது, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வி உலகத்தைக் கலக்கியிருப்பதைக் கண்டேன். அதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தை உங்களில் பலர் அறிவீர்கள். 1779-இல் எழுந்த அவ்வாலயத்தினுள் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. மரணப்படுக்கையிலிருக்கும் சுவார்ட்ஸ் ஐயரின் கரத்தை இளைய சரபோஜி பற்றிக்கொண்டு நிற்கும் காட்சி அது. ஐயர் 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். அதே 1798-இல் எட்வர்ட் ஜென்னர் என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பசுவம்மைப் பாலை மனிதரின் கையில் குத்தினால் பெரியம்மை அவரைத் தாக்குவதில்லை என்பதே அந்நூலின் சாரம்.

அக்காலத்தில் பெரியம்மை எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதற்குத் தஞ்சை மண்ணே சாட்சி. புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலின் தலவரலாற்றிலும், அம்மையினால் கண்ணொளி இழந்த துளஜா மன்னரின் மகளைப் பற்றிய செய்தி சொல்லப்படுகிறது. அரண்மனைச் சுவர்களும் அந்நோயைத் தடுத்ததில்லை. பிழைத்தவர் முகத்தில் வடுவோடும், சிலர் குருடராயும் வாழ்நாளைக் கழித்தனர்.

ஜென்னரின் பாதுகாப்பு விரைவிலேயே இந்தியாவை எட்டிற்று. வியன்னாவிலிருந்து பாக்தாது, பாஸ்ரா வழியாக வந்த பசுவம்மைப் பால் 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாகக் குத்தப்பட்டது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து மறு பிள்ளையின் கைக்கு என்று சங்கிலிபோல் கடத்தப்பட்டு, அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்துசேர்ந்தது. மைசூர்ச் சீமையில் அம்மை குத்துதலைப் பரப்பப் பாடுபட்டவர்களில் அபே துய்புவா என்னும் கத்தோலிக்கக் குருவும் ஒருவர். மருந்தும் விசுவாசமும் பகை என்று அவர் எண்ணவில்லை.

ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுள் முழுதும் போதும் என்று ஜென்னர் நம்பினார். பெரியம்மை பூமியிலிருந்தே அற்றுப்போகும் என்று 1801-இல் எழுதினார். பின்னது 179 ஆண்டுகள் கழித்து மெய்யாயிற்று. முன்னது சில ஆண்டுகளிலேயே பொய்த்தது.

1818-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் பெரியம்மை பரவியபோது, அம்மை குத்திக்கொண்டவர்களுக்கும் அது கண்டது. முன்னரே பெரியம்மை வந்து தேறியவர் சிலரையும் மறுபடி தொட்டது. மக்கள் திகைத்தனர். எடின்பரோ நகரின் மருத்துவர் ஜான் தாம்சன் அந்நோயாளிகளைக் கவனித்து 1820-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட உண்மை இது: குத்திக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது, ஆனால் அது தணிந்த நோயாய் வந்தது. கொப்புளங்கள் சிலவாகி விரைவில் காய்ந்தன; மரணம் மிக அரிதாயிற்று.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. 'நோய் வந்துவிட்டது, ஆகவே அம்மை குத்துதல் வீண்' என்றனர் ஒரு சாரார். 'பாதுகாப்பு மெய், ஆனால் அது தேய்கிறது, ஆகவே மறுபடியும் குத்துவோம்' என்றனர் மற்றொரு சாரார். வூர்ட்டம்பர்க் நாடு 1829-இல் தன் படைவீரருக்கு மறுமுறை குத்தத் தொடங்கியது. சுவார்ட்ஸ் ஐயர் பிறந்த பிரஷ்ய நாடு 1834-இல் அதைப் பின்பற்றியது. 1870-71-இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது அதன் பலன் வெளிப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பெரியம்மை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மறுமுறை குத்தப்பட்டிருந்த ஜெர்மானியப் படையிலோ மாண்டவர் சில நூறு பேரே. 1874-இல் ஜெர்மனி, பிள்ளைகளுக்குப் 12-ஆம் வயதில் மறுபடியும் அம்மை குத்துவதைச் சட்டமாக்கியது.

நம் நாட்டிலும் அவ்வழியே வென்றது. 1899-இல் தொடங்கப்பெற்ற கிண்டி கிங் நிலையம் அம்மைப் பால் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பியது. ஊர்தோறும் அம்மை குத்துகிறவர் வந்தார். உங்கள் இல்லத்து மூத்தோரின் கையைப் பாருங்கள். பலருடைய கையில் ஒன்றுக்கு மேற்பட்ட தழும்புகள் இருக்கும். இரண்டாம் தழும்பு முதல் தழும்பின் தோல்வியைக் காட்டுவதன்று. அந்தப் பிள்ளையை மறுபடியும் நினைத்துக் கைநீட்டச் செய்த பெற்றோரின் அன்பைக் காட்டுவது. 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980 மே 8-ஆம் நாள் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரே முறையில் முழுமையாய்க் காக்காத ஒரு மருந்தினாலேயே அந்தப் பெருநோய் பூமியிலிருந்து துடைக்கப்பட்டது!

கொரோனாவுக்கும் பெரியம்மைக்கும் வேற்றுமை உண்டு. அதை மறைத்தல் ஆகாது. பெரியம்மைக் கிருமி எளிதில் உருமாறாதது. கொரோனாக் கிருமியோ உருமாறிக்கொண்டே இருப்பது. 2021 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பெயரிட்ட ஓமிக்ரான் வகையில், கிருமியின் கூர்ப்புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. நோயாலும் தடுப்பூசியாலும் நம் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருட்கள் சில மாதங்களில் குறையத் தொடங்குகின்றன. ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் கிருமி மறுபடியும் இடம்பிடிக்கிறது. ஆனால் முதல் போரை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் உடலுக்குள் நீடித்திருக்கின்றன. அவை எழும்பிப் போராடுவதனாலேயே பெரும்பாலோருக்கு நோய் நுரையீரலை அழிக்கும் அளவுக்கு முற்றுவதில்லை. அந்தச் சகோதரிக்குக் காய்ச்சலோடு நின்றதும் அதனால்தானே?

டெல்டா மக்களாகிய நமக்கு இது விளங்காத காரியமன்று. கல்லணை காவிரியில் வெள்ளமே வராதபடி தடுப்பதில்லை. வருகிற வெள்ளத்தின் மிகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டு, வயல்களையும் வீடுகளையும் மூழ்காமல் காக்கிறது. அணை இருக்கிறதென்று நம் உழவர் சும்மா இருப்பதும் இல்லை. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னே வாய்க்கால்களைத் தூர்வாருகிறோம், கரைகளை உயர்த்துகிறோம். சென்ற ஆண்டு தூர்வாரினோமே என்று எவரும் இவ்வாண்டு மண்வெட்டியை மூலையில் வைப்பதில்லை. மறுபடியும் தூர்வாருவதால் சென்ற ஆண்டின் உழைப்பு வீண் என்றும் சொல்வதில்லை.

வேதம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? 91-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பேசியவன் யார் என்பதை மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் ஆண்டவருக்குக் காட்டிய வசனம் அந்தச் சங்கீதத்திலிருந்தே எடுக்கப்பட்டது. வாக்குத்தத்தத்தைக் காயமே படாத உத்தரவாதமாக்குவது அவனுடைய வாசிப்பு. ஆண்டவர் அதை மறுத்தார். என் பிரசங்கம் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை நினைத்து வெட்கப்பட்டேன்.

தீமோத்தேயுவை நினைத்துப்பாருங்கள். அவர் அடிக்கடி நோய்ப்பட்டார் என்று 1 தீமோத்தேயு 5:23 காட்டுகிறது. பவுல் அவருடைய விசுவாசத்தைக் குறைகூறவில்லை. வயிற்றுக்கு ஏற்ற மருந்துபோல் சிறிது திராட்சரசம் கொள்ளும்படி யோசனை சொன்னார். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டபோது, அவரைச் சபை கனத்தோடு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று எழுதினார். மறுபடியும் நோய்ப்படுகிறவரைக் குறித்து அப்போஸ்தலன் காட்டும் வழி, வெட்கத்தின் வழியன்று, பராமரிப்பின் வழி.

தடுப்பூசி போட்டிருந்தும் நம்மைவிட்டுப் பிரிந்த அன்பர்களும் உண்டு. அவர்களுடைய விசுவாசத்தை அளக்க நாம் யார்? தரங்கம்பாடியில் தமிழ் வேதாகமத்துக்கு அடித்தளமிட்ட சீகன்பால்கு ஐயர் 36-ஆம் வயதில் மரித்தார். அவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று சொல்லத் துணிவோமா? கர்த்தரின் காவல் நோயற்ற ஆயுளுக்கான முத்திரையன்று. நோயிலும் மரணத்திலும் அவருடைய கரத்தைவிட்டு நாம் விழுந்துபோவதில்லை என்பதே அதன் உறுதி.

தனிமை முடிந்தபின் அந்தச் சகோதரியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல், பிரசங்க மேடையிலிருந்தும் என் பிழையை அறிக்கையிட்டேன். ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியே வந்து, தங்களுக்கும் மறுமுறை வந்தது, சொல்ல வெட்கப்பட்டோம் என்றார்கள். அவர்களில் ஒருவர் தொற்றை மறைத்துக்கொண்டே, வயதான தம் தாயோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார். அந்தத் தாய் பிழைத்தது தேவகிருபை. வெட்கம் நோயைவிடக் கொடியதாகக்கூடும் என்பதை அன்று கற்றேன்.

ஆகையால் பிரியமானவர்களே, மறுபடியும் நோய் கண்டால் மறைக்காதீர்கள். முகக்கவசம் அணியுங்கள், முதியோரைவிட்டு விலகியிருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மறுதவணை உங்களுக்கு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நம் பாட்டியர் இரண்டாம் தழும்புக்குக் கைநீட்டியதுபோல் நீட்டுங்கள். மன்னா தினந்தோறும் சேர்க்கப்பட்டது. நேற்றைய மன்னாவை நம்பி எவரும் இன்று பசியாறவில்லை. இரக்கமும் அப்படியே காலைதோறும் புதிதாய் வருகிறது.

ஜெபிப்போம். எங்கள் பரம வைத்தியரே, மறுபடியும் வியாதிப்பட்டவர்களை நீர் மறுபடியும் சந்தியும். அவர்களை நியாயந்தீர்க்கும் சிந்தையை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். மருந்தை உமது கையிலிருந்து வரும் ஈவாகப் பெற்றுக்கொள்ளத் தாழ்மை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.