தேகப் பருமனும் ஆயுளும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் புராஸ்டேட் புற்றுநோயாளரை முன்னிட்டு ஒரு விசாரணை

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட ஆடவர்க்குத் தேகப் பருமன் ஆயுளைக் குறைக்கிறதா, காக்கிறதா என்னும் வினாவுக்கு மேலைநாட்டு ஆய்வுகள் முரணான இரு விடைகளைத் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் புற்றுநோயற்ற 9 லட்சம் பேரை 16 ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியான ஆய்வு, பருமன் ஏற ஏற இந்நோயால் நேரும் மரணமும் ஏறுவதைக் காட்டிற்று. 2021-இல் இத்தாலிய மருத்துவர்கள் சமர்ப்பித்த ஆய்வோ, நோய் பரவி ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத 1,577 பேரில் பருத்தவரே நெடுநாள் ஜீவித்தனர் என்றது. இவ்விரண்டில் எதையும் நம் வட்டாரத்து நோயாளிக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஒருநாள் எடையைவிட, அவ்வெடை மாறி வந்த வழியும் அதில் தசைக்குள்ள பங்குமே ஆயுளைப் பற்றி மிகுதியாக உணர்த்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலாய்வு நோய்க்கு முந்திய சரீரத்தையும், இரண்டாவது நோய் முற்றிய சரீரத்தையும் அளந்தன. முற்றிய புற்றுநோய் தசையைக் கரைப்பதாகலின், மெலிந்தோர் கூட்டத்தில் இயல்பாக மெலிந்தவரோடு நோயால் மெலிந்தவரும் கலந்து நிற்க, பின்னவர் விரைந்து மாள்வதன் பழி மெலிவின்மேல் விழுந்து, பருமன் ஒரு கவசம்போலத் தோன்றக்கூடும். பருத்த தேகத்துக்கேற்ப மருந்தின் அளவு கூடியதும் காரணமாகலாம் என்னும் அபிப்பிராயத்தை நான் மறுக்கவில்லை; ஆயினும் அதுவும் கொழுப்பின் மகிமையாகாது.

மேலும், அந்த 1,577 பேரின் சராசரி உடல்நிறைக் குறியீடே 28. இந்திய மருத்துவ வரையறையிலோ 25-ஐ எட்டினாலே பருமன். புனே மருத்துவர் யாஜ்னிக் 2004-இல் எடுத்துக்காட்டியபடி, குறியீடு 22.3 என ஒத்திருந்த இருவருள் ஆங்கிலேயருக்குக் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும் இந்தியருக்கு 21.2 விழுக்காடாகவும் இருந்தது. இந்நோய்க்குச் சிகிச்சையாகச் செய்யும் விரையகற்றும் அறுவையோ ஹார்மோன் ஊசியோ, கொழுப்பையும் தசையையும் எடை பிரித்துக் காட்டாத இம்மயக்கத்தை மேலும் பெருக்கும். ஊசி பெற்றோரை 48 வாரம் கவனித்த 2002-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கொழுப்பு 9.4 விழுக்காடு ஏற, கொழுப்பல்லாத சதை 2.7 விழுக்காடு குறைந்தது. தராசின் முள் ஏறிய அக்காலத்திலேயே தேகத்தின் பலம் குன்றியது என்பதே இதன் தாற்பரியம்.

ஆகவே, திண்டிவனத்துக் கடலை வயல்களில் ஆயுள் முழுதும் உழைத்து இயல்பாகவே ஒட்டிய தேகம் வாய்ந்த முதியவர் ஒருவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ வருங்கால், அவர் மெலிவைக் கண்டு நம்பிக்கையிழப்பதும், பருத்த மளிகை வியாபாரியைக் கண்டு நிம்மதியடைவதும் ஒருங்கே பிழையாகும். சென்ற அறுவடையில் எடை என்ன, சட்டை தொளதொளத்ததா, அரைஞாண் நெகிழ்ந்ததா, மூட்டையைத் தூக்க முடிகிறதா என்று வினவி, இடுப்பளவையும் கைப்பிடி வலுவையும் குறித்துவைத்தல் செலவற்ற காரியம். 2021 முதல் இல்லந்தோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவரும், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் முதியோர் எடையையும் தவறாது பதிவாராயின், நோய் நிர்ணயத்துக்கு முந்திய எடை மருத்துவர் கைக்குக் கிட்டும். பருமன் காக்கிறதா என்னும் வாதத்தை நம் மக்களின் தேகத்தைக் கொண்டே தீர்க்க அத்தகைய பதிவேடு இன்றியமையாதது.