பள்ளி அச்சகம்

பள்ளி அச்சகம் என்பது மாணவர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக்கோத்து, அச்சடித்து, வேறோர் ஊர் வகுப்புக்கு அஞ்சலில் அனுப்பிப் பதில் பெற்றுக் கற்கும் முறை. பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த செலெஸ்தேன் ஃபிரெனே (1896–1966) 1920களில் இதை வளர்த்தெடுத்தார். பள்ளிக்குள் அச்சுப்பொறி நுழைந்தது அவரால் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போல் ரோபேன் நடத்திய செம்ப்வி அனாதை விடுதியில் அச்சுத்தொழில் கற்றுத்தரப்பட்டது. அங்கே அது பிழைப்புக்கான கைத்தொழில். ஃபிரெனே அதை எழுதப் படிக்கக் கற்கும் வழியாக மாற்றினார்.

முதல் உலகப் போரில், 1917இல், ஃபிரெனேயின் நுரையீரலில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் மூச்சு பழையபடி சீராகவில்லை. 1920இல் லெ பார்-சுர்-லூ என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது நாள் முழுக்கக் குரலெடுத்துப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. மாற்றுவழி தேட உடல்நிலையே தன்னைத் தள்ளியது என்று பின்னாளில் சொன்னார். அது மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அவர் உழவர் குடும்பத்துப் பிள்ளை, இடதுசாரி, அடோல்ஃப் ஃபெரியேர் போன்ற புதுக்கல்விச் சிந்தனையாளர்களைப் படித்தவர். பிள்ளைகளை வயலுக்கும் பட்டறைக்கும் அழைத்துப் போவார். அங்கே வாய் ஓயாமல் பேசிய பிள்ளைகள், திரும்பி வந்து பாடநூலைத் திறந்ததும் அடங்கிப் போவார்கள். வழியில் கண்டதைச் சேர்ந்து கரும்பலகையில் எழுதினாலும் மாலையில் அது அழிக்கப்பட்டுவிடும். எழுதியது நிலைக்க வேண்டும் என்று நினைத்த ஃபிரெனே, 1924இல் கையால் இயக்கும் சிறு அச்சுப்பொறி ஒன்றை வாங்கினார்.

வகுப்பில் வேலை நடக்கும் விதம் இது. பிள்ளைகள் தாங்கள் விரும்பியதை எழுதி வந்து உரக்கப் படிப்பார்கள்: வீட்டில் கன்று ஈன்றது, ஆற்றில் விழுந்தது, வகுப்பில் நடந்த நத்தைப் பந்தயம். எதை அச்சிடலாம் என்று வாக்கெடுப்பு நடக்கும். தேர்வான பத்தியைக் கரும்பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள். எழுதிய பிள்ளைக்கு உடன்பாடில்லாத திருத்தம் ஏறாது. பிறகு நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு வரியாகப் பிரித்துக்கொண்டு எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். எழுத்து இடவலம் மாறிக் கண்ணாடியில் காண்பதுபோல் இருக்கும். சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் ஓர் ஈயத்துண்டால்தான் நிரப்ப வேண்டும். ஒருவர் மை உருளையை ஓட்ட, ஒருவர் தாளை வைக்க, ஒருவர் அழுத்த, ஈரத்தாள்கள் வகுப்பெங்கும் காயும். ஒவ்வொருவரும் தம் தாளைக் கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் அந்தக் கோப்பு வகுப்பின் ‘வாழ்க்கைப் புத்தகம்’ ஆகிவிடும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கப் பழகியதும் அதிலிருந்துதான்.

வேலை மெதுவாக நடப்பதே இதன் பெரிய பலன். பத்து வரி கோக்க வெகுநேரம் பிடிக்கும் என்பதால் தேவையற்ற சொல் தானாக உதிர்ந்துவிடும். மதிப்பெண் குறையும் என்ற பயத்தால் எழுத்துப்பிழை திருத்தப்படுவதில்லை. பிழை இருந்தால் இன்னோர் ஊரில் ஒருவருக்குப் புரியாமல் போகும், அதனால் திருத்தப்படுகிறது. கட்டுரை நோட்டை ஆசிரியர் ஒருவரே படித்து, சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தரும் பழக்கத்தில், எழுதுபவருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வே எழ வாய்ப்பில்லை.

கேட்பவர் 1926இல் முறையாகக் கிடைத்தார். பிரித்தானி கடற்கரையில், திரெகங்க் ஊரை அடுத்த சேன்-ஃபிலிபேரில் பாடம் நடத்திய ரெனே தனியேல் என்ற ஆசிரியரும் ஓர் அச்சுப்பொறி வாங்கியிருந்தார். இரு வகுப்புகளும் தவறாமல் அச்சுத்தாள்களை அனுப்பிக்கொண்டன. ஒரு பக்கம் படகு, மீன், அலை; மறுபக்கம் மலைச்சரிவு, ஒலிவ மரம், நறுமணத் தொழிலுக்காகப் பறிக்கப்படும் ஆரஞ்சுப் பூ. தினமும் பார்ப்பதால் எழுதத் தகுதியற்றது என்று எண்ணியவற்றை, பார்த்திராத ஒருவருக்காக விளக்கி எழுத வேண்டியதாயிற்று. அதற்காக அளக்கவும் எண்ணவும் வரைபடம் விரிக்கவும் வேண்டியிருந்தது. புவியியலும் கணக்கும் இந்த வழியாகவே வகுப்புக்குள் வந்தன. அச்சுப்பொறியைவிடக் கடிதத் தொடர்பே இம்முறையின் உயிர்.

பிற ஆசிரியர்களும் சேர, 1927இல் தூர் நகரில் முதல் மாநாடு கூடியது. பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தைத் தாங்கிய ‘லா ஜெர்ப்’ இதழ் அதே ஆண்டு தொடங்கியது. கருவிகளை மலிவாகத் தர ஆசிரியர்களே கூட்டுறவு அமைத்தார்கள். ஃபிரெனேயின் மனைவி எலீஸ், ஓவியர். பிள்ளைகளின் ஓவியத்துக்கு இந்த இயக்கத்தில் கிடைத்த இடம் பெரிதும் அவரால் வந்தது.

1928இல் ஃபிரெனே சேன்-போல் ஊருக்கு மாறினார். 1932 இறுதியில் அவ்வூர்ச் சுவர்களில் அவரைத் தாக்கும் சுவரொட்டிகள் முளைத்தன. அவற்றில் மேற்கோள் காட்டப்பட்டது ஒரு மாணவன் தான் கண்ட கனவைப் பற்றி எழுதி அச்சிட்ட பத்தி. கனவில் மேயர் கொல்லப்படுகிறார். வலதுசாரிப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1933 ஏப்ரலில் கூட்டம் திரண்டு வந்து பள்ளியை முற்றுகையிட்டது. கடைசியில் ஃபிரெனே அந்தப் பள்ளியைவிட்டு விலக நேர்ந்தது. 1935இல் வான்ஸ் ஊருக்கு வெளியே சொந்தப் பள்ளியைத் திறந்தார். சிறுவனின் கனவைச் சாட்சியாக நிறுத்திப் பெரியவர்கள் தம் அரசியல் கணக்கைத் தீர்த்துக்கொண்டது அநியாயம். ஆனாலும் பிள்ளைகளின் எழுத்து வகுப்புக்கு வெளியே போகும்போது அதற்கு ஆசிரியர் காவலாக நிற்க வேண்டும் என்பதை இந்த நிகழ்ச்சி அழுத்தமாகக் காட்டுகிறது.

ஸ்பெயினில் இம்முறைக்காகக் கொடுத்த விலை இன்னும் கடுமையாக இருந்தது. பூர்கோஸ் மாகாணத்தின் பன்யுவேலோஸ் தெ புரேபா என்ற குக்கிராமத்துக்கு 1934இல் வந்த கட்டலான் ஆசிரியர் அந்தோனி பெனாய்ஜெஸ் தம் கைப்பணத்தில் அச்சுப்பொறி வாங்கினார். கடலையே கண்டிராத அந்தப் பிள்ளைகள், கடல் எப்படியிருக்கும் என்று தாங்கள் நினைப்பதை எழுதி 1936 ஜனவரியில் ‘கடல்’ என்ற சிறுநூலாக அச்சிட்டார்கள். கோடையில் கடலைக் காட்டுவதாக ஆசிரியர் வாக்களித்திருந்தார். ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. கலகப்படையின் பக்கம் நின்றவர்கள் அவரைப் பிடித்துச் சுட்டுக்கொன்றார்கள். பிள்ளைகள் அச்சிட்ட நூல்களில் சில இன்றும் எஞ்சியிருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஃபிரெனேயும் 1940இல் கைதாகி முகாம்களில் அடைக்கப்பட்டார். போருக்குப் பின், 1947இல், பிரெஞ்சு ஆசிரியர் இயக்கம் தனி நிறுவனமாக உருப்பெற்றது. 1957இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. இத்தாலியில் மாரியோ லோதி தம் மாணவர்களோடு சேர்ந்து ‘சிப்பி’ என்ற குருவிக் கதையை எழுதினார். கூட்டாக எழுதும் முறையை அவரிடமிருந்து அறிந்துகொண்ட லொரேன்சோ மிலானி பாதிரியாரின் பார்பியானா மாணவர்கள், 1967இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ நூலை எழுதி இத்தாலியக் கல்வியமைப்பையே கேள்வி கேட்டார்கள். வான்ஸ் பள்ளியைப் பிரெஞ்சு அரசு 1991இல் ஏற்றுக்கொண்டது.

ஈய எழுத்து வழக்கொழிந்தபின் ஃபிரெனே வழி ஆசிரியர்கள் உருளை அச்சுக்கும், 1980களில் மினிடெல் என்ற தொலைபேசிவழி வலையமைப்புக்கும் தொலைநகலுக்கும், பின்னர் மின்னஞ்சலுக்கும் வலைப்பூவுக்கும் மாறினார்கள். கருவி மாறியதில் கைக்கு இருந்த வேலை போயிற்று. எழுத்தை எடைபோட்டுப் பொறுக்கும் நிதானத்தை ஆசிரியர் வேறு வழியில் உண்டாக்க வேண்டியிருக்கிறது. பல பள்ளிகளின் வலைப்பக்கங்களில் ஆண்டுவிழாப் படமும் அறிவிப்பும்தான் இருக்கும், மாணவர் எழுத்து இருக்காது. இருந்தாலும் அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவோர் குறைவு. உலகம் முழுவதும் படிக்கலாம் என்று திறந்து வைப்பதைவிட, தொலைவில் உள்ள ஒரே ஒரு வகுப்போடு முன்கூட்டியே பேசி, வாரம் ஒருமுறை அனுப்புவது, வந்ததற்குப் பதில் எழுதுவது என்று ஒப்புக்கொள்வது பயன்தரும். மாணவரின் முழுப்பெயர், படம், முகவரி ஆகியவற்றை வெளியிடாமல் நடத்தவும் அப்படிப்பட்ட இணைவகுப்பே வசதி.