போடி ரயிலைப் பறித்த போர்

மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. மலையில் விளைந்த ஏலக்காயும் தேயிலையும் காப்பியும் மதுரைக்குப் போவதற்கென்றே போடப்பட்ட பாதை அது, பயணிகள் அடுத்தபடிதான். அதன் முதல் ஆயுள் 14 ஆண்டுகள்.

1939 செப்டம்பர் 3-இல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலக்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதைக் கண்டித்து அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலக, சென்னை மாகாணம் ஆளுநரின் கைக்குள் போனது. போர்த் தேவைக்கு இரும்பு வேண்டியிருந்தது. இந்தியா முழுவதும் வருமானம் குறைந்த கிளைப் பாதைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1942-இல் போடிப் பாதையின் முறை வந்தபோது, கேள்வி கேட்கச் சட்டமன்றம் இயங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், போடியை அடுத்த கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சலுக்கு மவுசு ஏறியதும் அதே ஆண்டில்தான். மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. அதை நம்பியிருந்த சென்னை மாகாணம் திணறியது; திருவிதாங்கூர் அதைவிட மோசமாகத் தவித்தது. கம்பம் பள்ளத்தாக்கிலோ 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்துகொண்டிருந்தது. நெல் இருந்தது, அதை ஏற்ற ரயில் இல்லை. பெட்ரோலுக்கும் ரேஷன். பேருந்துகள் பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிவாயுவில் மூச்சு வாங்கி ஓடின. பாரம் மறுபடி மாட்டுவண்டிக்கு வந்தது.

விளைவித்தவருக்கும் நெல் முழுதாகச் சொந்தமில்லை. அரசு விலை வைத்துக் கொள்முதல் செய்தது; பெர்மிட் இல்லாமல் மூட்டையை நகர்த்துவது குற்றம். மண்ணெண்ணெயும் துணியும் அளந்தே கிடைத்தன. கட்டுப்பாடு வந்த இடமெல்லாம் கள்ளச்சந்தையும் கூடவே வந்தது.

மலைக்கு மேலே நிகழ்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க, திருவிதாங்கூர் அரசு உயர்மலைக் காடுகளைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டது. மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து குடும்பங்கள் மலையேறின. கம்பமெட்டு, போடிமெட்டுக்கு அப்பால் இன்றைய இடுக்கி மாவட்ட ஊர்கள் பலவற்றின் கதை இந்தக் குடியேற்றத்தோடு பிணைந்தது.

போர் 1945-இல் முடிந்தும் ரேஷன் போகவில்லை. மீண்டும் முதல்வரான ராஜாஜி 1952-இல்தான் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். பெயர்த்த பாதை அதன் பிறகே, 1950-களில், மீட்டர் கேஜாகத் திரும்பப் போடப்பட்டது.