நிலம் யாருடையது? சிங்கப்பூரின் வீவக வீடு பிறந்த கதை

வீடமைப்புப் பொறுப்பை ஏற்ற புதிதில் லிம் கிம் சான் சைனாடவுனின் பழைய கடைவீடுகளுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தார். அவர் செல்வந்தர். சவ்வரிசி பதப்படுத்த எந்திரம் வடிவமைத்துப் பணம் ஈட்டியவர், வங்கி இயக்குநர். அப்படிப் போன ஓரிடத்தில் ஓர் இளைஞன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தான். நோயாளி என்று நினைத்து விசாரித்தார். நோயில்லை. வீட்டில் இருந்த ஒரே கால்சட்டையை உடன்பிறந்தவன் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் வரும்வரை இவன் எழுந்திருக்க முடியாது. அந்தக் காட்சி தன்னை உலுக்கிவிட்டதாகப் பின்னாளில் லிம் சொல்லியிருக்கிறார்.

அன்றைய கடைவீடு என்பது கீழே கடை, மேலே குடியிருப்பு. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாடியைப் பலகைத் தடுப்புகளால் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குடும்பத்தை வைத்திருந்தார்கள். பல தடுப்பறைகளுக்குச் சன்னலே கிடையாது. ஒரே அடுப்படி, ஒரே குழாய், ஒரே வாளிக் கழிப்பறை. காசநோய் வீடுவீடாகப் பரவியது. நகரத்துக்கு வெளியே கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்புகளில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். அங்கே காற்று உண்டு, கோழி வளர்க்க இடம் உண்டு. ஆனால் ஒரு தீப்பொறி போதும். 1947-இல் காலனி அரசு அமைத்த குழுவே உலகின் மிக மோசமான சேரிகளில் சிங்கப்பூரின் சேரிகளும் அடங்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனது.

காலனி அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1927-இல் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். சாலை அகலப்படுத்துவது, கடைவீடுகளுக்குப் பின்னால் சந்து திறப்பது, நகரத்தைச் சீர்செய்வது ஆகியவைதாம் அதன் வேலை. வீடு கட்டுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கடமை. 1936-இல் தியோங் பாருவில் எழுந்த அதன் முதல் அடுக்குமாடிகள் இன்றும் கண்ணுக்கு அழகாக நிற்கின்றன. ஆனால் 32 ஆண்டுகளில் அது கட்டியது ஏறத்தாழ 23,000 வீடுகள். போருக்குப் பின் மக்கள்தொகை ஏறிய வேகத்துக்கு முன்னால் அந்த எண்ணிக்கை காணாமல் போயிற்று. தரமாகக் கட்டியதால் வாடகையும் ஏழைக்கு எட்டாததாக இருந்தது. அதற்கு நிலம் கிடைப்பதும் எளிதாக இல்லை. இந்தக் கதையில் கடைசிவரை வரப்போகும் விஷயம் அதுதான்.

1959-இல் சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்தது. லீ குவான் இயூ தலைமையில் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ காலனி அரசின் சமூக நலத்துறையில் பணியாற்றியபோது குறைந்த வருமானக் குடும்பங்களின் வரவையும் குடியிருப்பையும் கணக்கெடுத்து நூலாக எழுதியவர். எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்பது அவருக்குப் புள்ளிவிவரமாகவே தெரியும். அவர் தன் கல்லூரிக்கால நண்பரான லிம் கிம் சானை அழைத்து வந்தார். 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. சிங்கப்பூர்த் தமிழர் வாயில் அது ‘வீவக’. லிம் அதன் முதல் தலைவர், சம்பளம் வாங்கவில்லை. நாட்டு மக்களில் சுமார் 9 விழுக்காட்டினர்தான் அப்போது பொது வீடுகளில் இருந்தார்கள்.

லிம் எடுத்த முதல் முடிவு, அழகைத் தள்ளிவைப்பது. ஒரே மாதிரி வரைபடம், அதையே திரும்பத் திரும்பக் கட்டுவது. ஓரறை, ஈரறை, மூவறை; மாத வாடகை முறையே 20, 40, 60 வெள்ளி (டாலர்). கட்டுமானத்தைத் தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டு, திட்டமும் மேற்பார்வையும் கழகத்திடமே இருந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் வீடு கட்ட முடியுமா என்று ஆராய ஒரு குழு உட்கார்ந்திருந்தது. அதன் அறிக்கைக்காக லிம் காத்திருக்கவில்லை. முதல் மூன்றாண்டில் 21,000 வீடுகள்; 1965-க்குள் 54,000. இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் முப்பத்திரண்டு ஆண்டில் கட்டியதைப்போல் இருமடங்குக்கு மேல். குவீன்ஸ்டவுனின் ஸ்டர்லிங் சாலையில் 1960-இல் முடிந்த ஏழு மாடிக் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன. பார்ப்பதற்குச் சாதாரணமானவை. தீப்பெட்டி என்று அந்த வீடுகளைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாய், மின்விளக்கு, தண்ணீர் ஊற்றினால் போகும் கழிப்பறை. வாளிக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்பதை எந்தக் கட்டடக்கலை விமர்சனமும் அளந்துவிட முடியாது.

இதற்கிடையே தீ வந்தது. 1961 மே 25. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ, காற்றோடு சேர்ந்து சாலையைத் தாண்டி அத்தாப்புக் கூரைகளை விழுங்கிக்கொண்டே போனது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். முடிந்தும் முடியாமலும் இருந்த கழக வீடுகளுக்கு அவசரமாக ஆட்களை அனுப்பினார்கள். எரிந்த நிலத்தை அரசு கையகப்படுத்தியது. அடுத்த ஆண்டே அங்கே அடுக்குமாடிகள் எழத் தொடங்கின.

வீவகவின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தீயில்தான் தொடங்குவார்கள். சாம்பலிலிருந்து நகரம் எழுந்தது என்ற வடிவம் சொல்ல வசதியானது. அங்கே வாழ்ந்தவர்களிடையே வேறொரு பேச்சும் இருந்தது: நிலத்துக்காக அரசே தீ வைத்துவிட்டது என்று. அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. அந்த வதந்தி நெடுநாள் உயிரோடு இருந்ததை வரலாற்றாசிரியர் லோ கா செங் தன் ஆய்வில் பதிந்திருக்கிறார். கம்பத்து மக்கள் அடுக்குமாடிக்குத் துள்ளிக் குதித்துப் போகவில்லை என்பதற்கு அந்த வதந்தியே சாட்சி. பன்றி வளர்த்தவருக்கும் காய்கறித் தோட்டக்காரருக்கும் வீடு என்பது தொழிலும் சேர்ந்ததுதான். பத்தாவது மாடியில் பன்றி வளர்க்க முடியாது. இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் ஐம்பது வயதில் புதுத் தொழில் தேட வேண்டியிருந்தது. அந்த வலியைப் புகழ்க் கணக்கில் கரைத்துவிடக் கூடாது.

தீ சட்டத்தின் முன்னால் ஒரு கேள்வியை வைத்தது. குடிசைகள் இருந்தவரை நிலவுடைமையாளரால் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. குடிசைகள் எரிந்த மறுநாள் அது காலி மனை. விலை பல மடங்கு. பதினாறாயிரம் பேர் எல்லாம் இழந்த நாளில் நிலக்காரருக்கு மட்டும் கொழுத்த லாபம் சேரலாமா? சேரக் கூடாது என்றார் லீ குவான் இயூ. அதோடு நிற்கவில்லை. அரசு போடும் சாலையாலும் மக்கள் வரிப்பணத்தில் வரும் வளர்ச்சியாலும் நிலத்தின் விலை ஏறினால், அந்த ஏற்றம் பொதுமக்களுக்கே உரியது என்பது அவர் பிடித்துக்கொண்ட கொள்கை.

1965-இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது, மலேசிய அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பலவற்றை எடுத்துக்கொண்டார்கள். சொத்துரிமைப் பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள். எடுக்கப்படும் சொத்துக்குப் போதுமான இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் 13-ஆம் பிரிவு அது. 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1973-இல் அதைத் திருத்தினார்கள்: அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி மதிப்பு, அறிவிக்கை நாள் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு. அந்த அடிப்படைத் தேதி பிற்பாடு முன்னகர்த்தப்பட்டதே தவிர, முழுச் சந்தை விலை திரும்ப 2007 ஆயிற்று. 1960-இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1985-இல் 76 விழுக்காடு.

வீவக உண்மையில் பிறந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். மற்ற நாடுகளும் சிமென்ட் வாங்கின, திட்டம் தீட்டின, நேர்மையான அதிகாரிகளைக்கூட அமர்த்தின. நிலத்தில் கை வைக்கத் துணியாததால் வீடுகளை ஊர்க்கோடியில் கட்டின. வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவான இடத்துக்கு ஏழையை அனுப்பின. சிங்கப்பூர் நகரின் நடுவிலேயே கட்ட முடிந்தது. அந்தத் துணிவின் விலையைச் சிறு நிலக்காரரும், தாத்தா காலத்துத் தோட்டத்தை இழந்தவரும் கொடுத்தார்கள். எதிர்க்கட்சிகளை முடக்கி, விசாரணையின்றிச் சிறைவைத்த ஓர் அரசால்தான் அந்தச் சட்டங்களை அவ்வளவு எளிதாக நிறைவேற்ற முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலம் கிடைத்தது. பணம்? 1964-இல் வாடகை வீட்டோடு சொந்த வீட்டுத் திட்டத்தையும் தொடங்கினார்கள். குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை 6,200 வெள்ளி. 99 ஆண்டு குத்தகை. குடியேறிகளின் ஊரில், சொந்தமென்று ஒரு வீடு இருந்தால் இந்த நாட்டைக் காக்க மனம் வரும் என்பது லீயின் கணக்கு. வாங்க ஆசை இருந்தும் முன்பணம் கட்ட முடியாமல் பலர் பின்வாங்கினார்கள். தீர்வு கையருகிலேயே இருந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் கட்டிவரும் மத்திய சேம நிதி (மசேநி) 1955-இலிருந்தே இயங்கியது. முதுமைக்கென்று பூட்டி வைத்த பணம். 1968-இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பூட்டை வீட்டுக்காகத் திறந்தார்கள். முன்பணமும் மாதத் தவணையும் மசேநியிலிருந்தே போகும். கையில் வாங்கும் சம்பளம் குறையாது. அதன்பின் வாடகைக்குக் கேட்டவர்களைவிட வாங்கக் கேட்டவர்கள் பெருகினார்கள். ஓய்வூதியத்தையும் வீட்டையும் ஒரே சேமிப்பில் கட்டிப்போட்ட அந்த ஏற்பாட்டினால், வீட்டு விலை இறங்குவதை எந்த அரசாலும் பொறுத்துக்கொள்ள முடியாத நிலையும் கூடவே வந்தது. எளியவர்க்கு எட்டும் விலை, முதியவர்க்கு ஏறும் சொத்து: இரண்டையும் ஒரே சுவருக்குள் எப்படி வைப்பது என்று இன்றும் திணறுகிறார்கள்.

தமிழர்களுக்கு இந்த மாற்றம் எப்படி இருந்தது? கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் நகராட்சியிலும் வேலை பார்த்தவர்கள் அதுவரை முதலாளி கொடுத்த குடியிருப்பு வரிசைகளில் கூட்டமாக வாழ்ந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். 1968-இல் பிரிட்டன் தன் படைகளைத் திருப்பி அழைக்கப்போவதாக அறிவித்தபோது அந்த அச்சம் நேராக வாசலில் வந்து நின்றது. வீவக வீட்டை வாங்க அன்று குடியுரிமை வேண்டியிருந்தது. பெற்றவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். பெறாதவர்களில் பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அறுபதுகளின் இறுதியில் சிங்கப்பூர் வானொலியில் பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ என்ற தொடர் நாடகம் ஒலித்தது. அடுக்கு வீட்டு வாழ்க்கை தமிழ்க் குடும்பத்தின் அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

1989-இல் இன்னொரு விதி வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு போட்டார்கள். இனவாரியாகச் சேரிகள் மறுபடி உருவாகிவிடக் கூடாது என்பது நோக்கம். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த நாடு அது. அந்த அச்சம் பொய்யல்ல. ஒரே மின்தூக்கியில் மூன்று மொழி கேட்பதும், கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு நாள் மலாய்த் திருமணமும் மறுவாரம் சீன இறுதிச்சடங்கும் நடப்பதும் இந்த விதியால் காக்கப்படுகின்றன. ஆனால் சுமை சமமாக விழவில்லை. சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க நினைக்கும் இந்தியர், இந்தியருக்கோ பிற சிறுபான்மையினருக்கோதான் விற்க முடியும். வாங்குவோர் குறைவு, விலையும் குறைகிறது. இந்தக் குறையை அரசும் ஒப்புக்கொண்டது. 2022-இல், அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி பிறந்தது.

இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகளில் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வாழ்கிறார்கள். இந்தக் கணக்கில் வராதவர்கள் உண்டு. இப்போது அந்த மாடிகளைக் கட்டும் கைகளில் பெருமளவு தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவை. அவர்கள் உறங்குவது ஊருக்கு ஒதுக்குப்புறமான தங்கும் விடுதிகளில். 2020-இல் கொரோனா வந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்த விடுதிகளுக்குள் அடைத்தபோதுதான் ஓர் அறையில் எத்தனை கட்டில்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் என்று எண்ணிக் கணக்கெடுத்துத் தொடங்கிய நாடு அது. அந்தக் கணக்கை இவர்களுக்கும் அதே அக்கறையோடு எடுத்திருக்க வேண்டும்.

1964-இல் போட்ட 99 ஆண்டு இப்போது பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குத்தகை முடிந்த வீடு இழப்பீடின்றி அரசுக்கே திரும்பும் என்பதை 2017-இல் அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாக நினைவூட்டியபோது, ஆயுள் சேமிப்பைப் பழைய வீட்டில் போட்டிருந்த பலர் அதிர்ந்தார்கள். மறு ஆண்டே அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது: எழுபது வயதைத் தாண்டும் குடியிருப்புகளில், குடியிருப்போர் வாக்களித்து ஒப்புக்கொண்டால், குத்தகை முடியுமுன்பே அரசு அவற்றை வாங்கி இடித்துப் புதிதாகக் கட்டும். என்ன விலைக்கு வாங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுபதுகளில் நிலக்காரரிடம் பேசிய அதே பேச்சு. இந்த முறை எதிரே உட்காரப்போகிறவர்கள் அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.