துணையாளர் யார்? இஸ்லாமியர் வாசிப்பில் யோவான் நற்செய்தி

யோவான் நற்செய்தியின் 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்கள் நமக்கு நன்கு அறிமுகமானவை. இறுதி இரவுணவின்போது இயேசு தம் சீடர்களுக்கு வழங்கிய பிரியாவிடை உரை அது. தாம் சென்றபின் தந்தை மற்றொரு துணையாளரை அனுப்புவார் என்று அங்கே அவர் வாக்களிக்கிறார். பாஸ்கா காலத்தில் ஆலயத்தில் இப்பகுதி வாசிக்கப்படும்போது, நம் உள்ளம் தூய ஆவியாரையே நினைக்கிறது.

ஆனால் இதே பகுதியை இஸ்லாமியச் சகோதரர் ஒருவர் வாசித்தால், அவர் நினைவுக்கு வருபவர் முகமது நபி. "உங்கள் விவிலியமே எங்கள் நபியை முன்னறிவிக்கிறதே, நீங்கள் ஏன் ஏற்பதில்லை?" என்று அவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பதில் தெரியாமல் விழிக்கவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு 1200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

குர்ஆன் கூறுவது

தமக்குப் பின் அகமது என்னும் பெயருடைய தூதர் ஒருவர் வருவார் என்று இயேசு நற்செய்தி கூறியதாகக் குர்ஆன் 61:6 சொல்கிறது. அகமது, முகமது ஆகிய இரு பெயர்களும் புகழைக் குறிக்கும் ஒரே அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. நபியைப் பற்றித் தோராவிலும் நற்செய்தியிலும் எழுதப்பட்டுள்ளது என்று குர்ஆன் 7:157 கூறுகிறது. எனவே அந்த இடம் எது என்று நம் திருநூலில் தேடுவது அவர்களுக்கு இறைநம்பிக்கையின் ஒரு பகுதி. அது நம்மைச் சீண்டுவதற்காகத் தொடங்கிய முயற்சி அன்று.

8ஆம் நூற்றாண்டில் நபியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், யோவான் 15ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை எடுத்துக்காட்டுகிறார். துணையாளர் என்பதற்கு அவர் தரும் சொல், பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் அரமேய வாசக நூலில் உள்ள சொல். "தேற்றுபவர்" என்பது அதன் பொருள். தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் "தேற்றரவாளன்" என்று நாம் காண்பதும் இதே பொருளில்தான். அவரோ அச்சொல்லை முகமது நபிக்கு உரியதாகக் கொண்டார்.

கலீபாவும் முதுபெரும் தந்தையும்

ஏறத்தாழ 781ஆம் ஆண்டில், பாக்தாதில் கலீபா அல் மஹ்தி இதே கேள்வியைக் கீழைத் திருச்சபையின் தலைவரான முதலாம் திமோத்தேயுவிடம் கேட்டார். துணையாளர் கடவுளின் ஆவியார், உடலற்றவர், காணப்படாதவர். முகமது நபியோ உடல்கொண்ட மனிதர் என்று திமோத்தேயு விளக்கினார். நற்செய்தியில் நபியைப் பற்றி ஒரு முன்னறிவிப்பாவது இருந்திருந்தால் தாம் அதை ஏற்றிருப்பேன் என்றும் சொன்னார். அதே வேளையில், நபி மக்களைச் சிலை வழிபாட்டிலிருந்து விலக்கி ஒரே கடவுளிடம் திருப்பியதால் இறைவாக்கினர்களின் வழியில் நடந்தவர் என்று அவரைப் பாராட்டவும் செய்தார். ஆட்சியாளருக்கு முன்னால் உண்மையையும் விடவில்லை, மரியாதையையும் விடவில்லை.

கிரேக்கச் சொல்லைப் பற்றிய வாதம்

பிற்காலத்தில் மற்றொரு வாதம் எழுந்தது. நற்செய்தியில் உள்ள "பராக்லேத்தோஸ்" என்ற சொல், "புகழ்பெற்றவர்" என்று பொருள்படும் "பெரிக்ளுத்தோஸ்" என்பதன் திரிபு என்பதே அது. ஆனால் கிரேக்கக் கையெழுத்துச் சுவடி எதிலும் அவ்வாறு இல்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகள் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவற்றிலும் பராக்லேத்தோஸ் என்றே உள்ளது. அரபு, எபிரேயம் போலன்றிக் கிரேக்கத்தில் உயிரெழுத்துகளும் எழுதப்படுவதால், இவ்விரு சொற்களும் எளிதில் மயங்கக்கூடியவை அல்ல.

மேலும் யோவான் 14:26 துணையாளரைத் தூய ஆவியார் என்று வெளிப்படையாகவே பெயரிடுகிறது. அவர் சீடர்களுக்குள் இருப்பார் என்கிறது 14:17. சில நாள்களுக்குள் அவ்வாக்குறுதி நிறைவேறும் என்பதைத் திருத்தூதர் பணிகள் 1:5 காட்டுகிறது.

எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர்

இஸ்லாமிய அறிஞர்கள் அனைவரும் நம் திருநூலை ஒரே விதமாகப் பார்த்ததில்லை. கிறிஸ்தவர்கள் எழுத்தையே மாற்றிவிட்டார்கள் என்று கடுமையாக வாதிட்டவர், 1064இல் இறந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம். எழுத்து மாறவில்லை, பொருளைத்தான் தவறாகக் கொண்டார்கள் என்று கூறியவர்களும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அல் பிகாயி, குர்ஆனுக்கு விளக்கம் எழுதும்போது விவிலியத்திலிருந்தே மேற்கோள் காட்டினார். எதிர்ப்பு எழுந்தபோது அதை நியாயப்படுத்தித் தனி நூலும் எழுதினார். நம் நாட்டில் சர் சையது அகமது கான், 1860களில் விவிலியத்துக்கே ஒரு விளக்கவுரை எழுதத் தொடங்கினார். தொடக்க நூல், மத்தேயு நற்செய்தி ஆகியவற்றின் முதல் அதிகாரங்களுக்கு அவர் விளக்கம் தந்தார். விவிலிய வாசகம் திட்டமிட்டுத் திரிக்கப்பட்டது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை.

நாம் சிந்திக்க

இங்கே நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். எசாயா நூலில் கன்னியின் மகனையும் துன்புறும் ஊழியரையும் பற்றி வாசிக்கும்போது நாம் கிறிஸ்துவைக் காண்கிறோம். யூத மக்களோ அவ்வாறு வாசிப்பதில்லை. பழைய ஏற்பாட்டை நாம் கிறிஸ்துவின் ஒளியில் வாசிப்பதுபோல, இஸ்லாமியர் நம் நற்செய்தியைக் குர்ஆனின் ஒளியில் வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படி வாசிக்கிறார்கள் என்பது நமக்குப் புரியாததன்று.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கை, இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று கூறுகிறது. பழைய பகைமைகளை மறந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நேர்மையுடன் முயலுமாறும் அழைக்கிறது. நம்மிடமுள்ள எதிர்நோக்கைப் பற்றிக் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடையளிக்க வேண்டும் என்பது புனித பேதுருவின் அறிவுரை.

அப்படி விடையளிக்க வேண்டுமானால், முதலில் நாம் வாசித்திருக்க வேண்டும். இஸ்லாமிய அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அலசிய யோவான் நற்செய்தியின் அந்த மூன்று அதிகாரங்களை, நம் இல்லத்தில் நாம் கடைசியாக எப்போது திறந்தோம்? இந்த வாரம் ஒருநாள் மாலை, குடும்பச் செபத்துக்குப் பின் அவற்றைச் சேர்ந்து வாசிப்போம். பேச வேண்டிய வேளையில் பேசவேண்டியதைத் துணையாளராம் தூய ஆவியாரே நமக்குக் கற்றுத்தருவார்.